கப்பலேறிப் போனவரின் பங்காளிகள்

(வேலூரில் குடும்ப வரலாறு குறித்து நடந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்திலோ அதை ஒட்டிய சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலோ குடியிருக்கிற ஒருவர், தன் கொள்ளுத்தாத்தாவின் ஊர் இன்னதென்று கண்டுபிடித்துவிட்டு, அந்த ஊரில் இன்றைக்கு இருக்கிற யாரோ ஒருவருக்கு எழுதுகிற முதல் கடிதம் அது. இப்படிக் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகள் இருக்கின்றன. அவை எழுதுகிறவரை மனத்தில் வைத்துச் செய்தவை. கடிதம் வந்து சேருகிற வீடு குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, போளூர்ப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் வீடாகவும் இருக்கலாம். அந்த வாசற்படியில் நின்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் தேதி 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கிற நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு போல சென்னை வழியாகப் போனவர்கள். நம் பழைய வடஆர்க்காடு மாவட்டம் அந்தக் கப்பல்களுக்குக் கணிசமாக ஆள் கொடுத்த மாவட்டம். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கத்துக் கிராமங்கள் எப்படிக் காலியாயின என்று உங்கள் வீட்டுப் பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். காலியானவர்கள் எல்லோரும் செத்துப்போகவில்லை. சிலர் கப்பலேறினார்கள்.

மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி எழுதிவைத்த பதிவேடு பெரும்பாலும் கிடையாது. நேட்டாலுக்குப் போனவர்களுக்கு உண்டு. கப்பல் பட்டியல் என்று பெயர். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம், எல்லாம் இருக்கும். அந்த எண்தான் அங்கே அவருடைய பெயரைவிடப் பெரிது. கல்யாணத்தைப் பதிவு செய்யவும் ஊர் விட்டு ஊர் போகவும் அந்த எண் வேண்டும். அந்தப் பட்டியல்களை வைத்து சுரேந்திர பானா 1991இல் ஒரு நூலே எழுதினார். ஜாய் பிரெய்ன் முதலிய வரலாற்றாசிரியர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலைக்குத் துணை நின்றார்கள். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்துக்குப் போய், தாத்தாவின் எண்ணைச் சொல்லித் தங்கள் ஊர்ப் பெயரைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் ஊர்ப் பெயர் வந்த அன்றைக்கே கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அவசரம் அங்கேதான்.

ஏன் அவசரம் என்கிறேன்? அந்த வரியை எழுதியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கப்பலேறப் போகிறவர்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒரு குமாஸ்தா. எதிரே நிற்பவர் வாய்மொழியாகச் சொன்னதைத் தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். 'குடியாத்தம்' பல உருவம் எடுத்திருக்கும். ஒரே பெயரில் ஒரே தாலுக்காவில் மூன்று கிராமங்கள் இருக்கும். வடஆர்க்காடு என்று போட்டிருந்தால் அந்த ஊர் இன்றைய தமிழ்நாட்டில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது வடஆர்க்காட்டின் பல தாலுக்காக்கள் அதனோடு போய்விட்டன. தமிழில் கடிதம் எழுதிக்கொண்டு ஆந்திரத்து ஊருக்கு அனுப்பியவர்கள் உண்டு. மிச்சம் இருந்ததும் 1989இல் இரண்டானது, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்னும் பிரிந்தது.

அடுத்தது பெயர். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். கோவிந்தன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தன், மறுபடி கோவிந்தன் மகன் முனுசாமி என்று அதே இரண்டு பெயர் நூறு வருஷம் ஓடும். ஆகவே 'முனுசாமி, தகப்பன் கோவிந்தன்' என்று பட்டியலில் இருப்பதும், அதே ஊரில் இன்று அதே பெயரில் ஒருவர் இருப்பதும் பெரிய சாட்சியம் இல்லை. அங்கே போனதும் பெயர் வேறு விதமாக உறைந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயரே இன்று நான்கு தலைமுறைக்கும் குடும்பப் பெயராக நிற்கும். கவுண்டர் கவெண்டர் ஆகியிருப்பார், முதலியார் மூட்லி ஆகியிருப்பார். அந்தக் கடைசிப் பெயரை நம்பி இங்கே வந்து 'நாங்கள் மூட்லி' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

பொய்ப் பெயரும் உண்டு. கடனுக்கு ஓடியவர், வழக்குக்கு ஓடியவர், வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர், வேறு சாதிப் பெண்ணோடு போனவர், இவர்களெல்லாம் டிப்போவில் உண்மைப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். கப்பலில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் கணக்கை நிரப்பத் தனியாக வந்த பெண்களையும் ஏற்றினார்கள். கய்யூத்ரா பகதூர் என்ற எழுத்தாளரின் கொள்ளுப்பாட்டி 1903இல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குத் தனியாக, கர்ப்பிணியாகக் கப்பலேறியவர். அந்தப் பாட்டியைத் தேடி அவர் பீகார் கிராமம் வரை வந்து, பெரும் புத்தகமே எழுதினார். அந்தப் பாட்டி ஏன் தனியாக வந்தார் என்ற கேள்வி கடைசி வரை கேள்வியாகவே இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படிப் போன பெண்ணைத் தேடிக் கடிதம் வந்தால், அந்த வீட்டில் அந்தப் பேச்சை யார் எடுப்பார்கள்?

இங்கேதான் நான் சொல்ல வந்ததன் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

கடிதம் எழுதுகிறவர் என்ன நினைக்கிறார்? ஒரு சின்னத் தகவல் கேட்கிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைக்கிறார். நம் ஊரில் அந்தக் கேள்வி அப்படி விழுவதில்லை. 'உங்கள் கொள்ளுத்தாத்தாவும் எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பிகள்' என்று ஒருவர் சொன்னால் அதற்கு அர்த்தம், அவர் பங்காளி. பங்காளி என்று ஒப்புக்கொண்டால் அதோடு நிற்காது. அவர் வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு. அவர் வீட்டில் பெண் எடுக்க முடியாது, கொடுக்க முடியாது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால் அவருக்கும் தலைக்கட்டு வரி. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாவிட்டால் மனஸ்தாபம். அப்புறம், நிலம். ஒரு பெரியவரிடம் இப்படி ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, 'டர்பன்ல யாராவது செத்தா நாங்க தலை முழுகணுமா?' என்பது. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் மிகவும் பொறுப்பான மனிதர். உறவு என்று கையெழுத்துப் போட்டால் என்னென்ன வந்து சேரும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

அவருடைய மகன் கேட்ட கேள்வி வேறு. 'இன்னாத்துக்கு இப்ப வந்துகிறாங்க? பங்கு கேக்கவா?'

அந்தச் சந்தேகத்தை மட்டம் தட்டிப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடல் கடந்து வந்து ஒண்ணேகால் ஏக்கர் மானாவாரியில் பங்கு கேட்பார்களா என்று கேலி செய்வார்கள். சட்டப்படி அந்த உரிமை நிற்குமா நிற்காதா என்பது வக்கீல் பேச வேண்டிய விஷயம். ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிற வீட்டில், அண்ணன் தம்பிகளே நான்கு வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிற வீட்டில், 'எங்கள் தாத்தாவுக்கும் உங்கள் தாத்தாவுக்கும் ஒரே அப்பா' என்று ஒரு காகிதம் எழுத்தில் வந்தால் அது விளையாட்டா? அந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைப்பதா, அடுப்பில் வைப்பதா என்றுதான் அவர்கள் யோசிப்பார்கள்.

இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. 'வெளிநாட்டில் உங்கள் பெயருள்ள ஒருவர் வாரிசில்லாமல் இறந்துவிட்டார், உங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் வரப்போகிறது' என்று மோசடிக் கடிதம் வருவது நம் எல்லோருக்கும் தெரியும். உண்மையான உறவுக் கடிதம் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கிறது. வெளிநாடு, அறியாத பெயர், செத்துப்போன மூதாதை, உறவு. நேர்மையான மனிதர் எழுதினாலும் படிப்பவருக்கு வயிற்றில் புளி கரைகிறது. அதனால்தான் முதல் கடிதத்தில் பணம் என்ற பேச்சே வரக்கூடாது என்பேன். கோயிலுக்கு நன்கொடை தருகிறேன், பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு தருகிறேன் என்று நல்ல மனத்தோடு எழுதுவார்கள். அந்த ஒரு வரி முழுக் கடிதத்தையும் மோசடிப் பக்கம் தள்ளிவிடும். ஆதார் எண், பட்டா நகல், பிறப்புச் சான்று, குடும்ப அட்டை எதையும் கேட்கவே கூடாது.

அப்படியானால் என்ன எழுதலாம்? நான் உதவி செய்த சில குடும்பங்களுக்கு எழுதிக்கொடுத்த மாதிரியில் ஒன்றைப் படிக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

'வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் வசிக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் கொள்ளுத்தாத்தா 1890ஆம் வருஷம் உங்கள் ஊரிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே வந்தார் என்று இங்குள்ள பதிவேட்டில் இருக்கிறது. அவர் பெயர் இன்னது, அவருடைய தகப்பனார் பெயர் இன்னது. அவர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்று, இங்கேயே காலமானார். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். எங்களுக்கு அங்கே நிலமோ வீடோ எதுவும் வேண்டியதில்லை. இந்தப் பெயர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுண்டா என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசை. தெரியாது என்றாலும் ஒரு வரி எழுதினால் போதும்.'

இவ்வளவுதான். இதில் 'நன்றாக இருக்கிறோம்' என்ற வரியைப் பலர் வெட்டச் சொன்னார்கள், சம்பிரதாய வரி என்று. நான் விடவில்லை. உதவி கேட்டு வரவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்ல நம் மொழியில் வேறு வழி இல்லை. 'இங்கேயே காலமானார்' என்ற வரி அதைவிட முக்கியம். போனவர் என்ன ஆனார் என்று தெரியாமலேயே இந்த வீடு நான்கு தலைமுறை இருந்திருக்கிறது. கேள்வி கேட்பதற்கு முன்னால் அந்தச் செய்தியைத் தந்துவிட வேண்டும். நிலத்தைப் பற்றிய வரி இருக்கலாமா கூடாதா என்பதில் எனக்கும் என் நண்பர்களுக்கும் இன்னும் தகராறு. சொன்னால்தான் சந்தேகமே வரும் என்பது அவர்கள் கட்சி. சொல்லாவிட்டாலும் வரத்தான் போகிறது, அதற்கு ஒரு வரி பதிலையும் கடிதத்திலேயே வைத்துவிடலாம் என்பது என் கட்சி. ஒரு வரிக்கு மேல் போனால் மட்டும் நண்பர்கள் சொல்வது சரியாகிவிடும்.

கடிதத்தில் 'மாமா', 'சித்தப்பா' என்று உறவுமுறை போட்டு அழைக்கக் கூடாது. முறை சொல்வது நம் ஊரில் விளையாட்டுப் பேச்சு இல்லை. மாமன் என்றால் ஒரு கணக்கு, சித்தப்பன் என்றால் நேர் எதிர்க் கணக்கு. அதை அந்த வீட்டுப் பெரியவர்கள் தலைமுறை எண்ணிப் பார்த்து, 'எனக்கு நீ தம்பி முறை ஆகணும்' என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன அன்று வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் தமிழில் இருக்க வேண்டும். டர்பன் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இன்று தமிழ் எழுத வராது. கணினி மொழிபெயர்ப்பில் போட்டு அனுப்புகிறார்கள். படித்தால் வங்கி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. தமிழ் தெரிந்த யாரையாவது எழுதச் சொல்லி, எழுதியவர் இன்னார் என்று அடியில் குறிப்பிடுவது நல்லது. வாட்ஸப்பில் ஊர்க் குழு ஏதாவது இருக்கிறதா என்று தேடி அதில் போடுவது வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நான்கு தெருவும் தெரிந்து, சம்பந்தப்பட்ட வீட்டுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும்.

யாருக்கு அனுப்புவது? இதற்குத்தான் உள்ளூர் அறிவு வேண்டும். முன்பெல்லாம் கர்ணம் இருந்தார், மணியக்காரர் இருந்தார். பரம்பரை பரம்பரையாக ஊர் நிலமும் ஊர் சண்டையும் அவர்கள் நாக்கு நுனியில் இருந்தன. 1980இல் அந்தப் பதவிகள் போய்விட்டன. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர், பாவம் அவருக்கு வேறு வேலை இருக்கிறது. நான் முதலில் தேடுவது குலதெய்வக் கோயில் வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து எழுதிவைக்கிற நோட்டு. அதில் வகையறா வகையறாவாகக் குடும்பங்கள் இருக்கும். வெளியூர் போனவர்கள் பெயரும் பாக்கியோடு இருக்கும். டர்பன்காரர் வீட்டில் பூஜையறையில் எந்தச் சாமியின் பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள், மொட்டை அடிக்கும்போது எந்தச் சாமிக்கு முடிந்து வைக்கிறார்கள் என்று கேட்டால், தமிழ் மறந்துபோன வீட்டில்கூட அந்தப் பெயர் மட்டும் மறக்காமல் இருப்பதுண்டு. மாரியம்மன் என்றால் பயனில்லை, எல்லா ஊரிலும் இருக்கிறாள். எல்லா ஊரிலும் இல்லாத ஒரு வேடியப்பனோ ஒரு பச்சையம்மனோ வந்தால் கப்பல் பட்டியலைவிட அது நம்பகமான சாட்சி.

அடுத்து வயதான பெண்கள். ஆண்களுக்கு நில எல்லை தெரியும், பெண்களுக்கு ஆட்கள் தெரியும். ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. மாமனார் பெயரைக் கேட்டால் பழைய தலைமுறைப் பாட்டி சொல்ல மாட்டார். 'மலை மேல இருக்கிற சாமி பேரு' என்பார், நாம் ஊகிக்க வேண்டும். இல்லையென்றால் பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார். கப்பலேறியவரைப் பற்றிய ஊர் நினைவில் நேட்டால் என்ற பெயர் பெரும்பாலும் இருக்காது. கண்டிக்குப் போனார் என்பார்கள், ரங்கூனுக்குப் போனார் என்பார்கள், 'எங்கியோ கப்பலேறிப் பூட்டாரு' என்பார்கள். இடம் பொருந்தவில்லை என்று அங்கேயே விட்டுவிடக் கூடாது.

தேடுகிற உறவினர்கள் ஊரில்தான் இருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. 1927இல் கேப்டவுன் ஒப்பந்தம் என்று ஒன்று ஏற்பட்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியர்களைப் பணம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் பலரை அவர்களுடைய ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னையிலேயே நின்று, வறுமையில் கஷ்டப்பட்டார்கள். 1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் அவர்களுடைய நிலையை நேரில் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். ஆகவே டர்பன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு வட சென்னையில் ஏதாவது தெருவில் இருக்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் அதைவிடத் தூரம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடித்தால் நீங்கள் என்னை மன்னிக்கலாம், நான் மன்னித்துக்கொள்ள முடியாது. கப்பல் பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு என்றேன். டர்பனில் நான்கு தலைமுறையாகக் கலந்து கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அந்தக் கட்டம் ஒரு வேடிக்கைத் தகவல். இங்கே அந்தக் கட்டம்தான் கடிதம் ஊருக்குள் போகுமா, காலனிக்குப் போகுமா என்று தீர்மானிக்கிறது. கப்பலில் ஏறும்போதோ, இறங்கியபோதோ, சாதிப் பட்டத்தை மாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். மாற்றிக்கொண்டது அவர்கள் செய்த மிகப் புத்திசாலியான காரியம் என்பது என் அபிப்பிராயம். அவர்களுடைய கொள்ளுப்பேரன் இன்று பிள்ளை என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, பட்டியலில் வேறு ஒரு பெயரைப் பார்த்துத் திகைக்கிறார். இன்னும் சிலர் அந்தப் பட்டியல் பக்கத்தின் நகலை அப்படியே கடிதத்தோடு இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆதாரம் கொடுக்கிறோம் என்ற நினைப்பு. அது யார் கையில் கிடைக்கும், தபால்காரர் எந்தத் தெருவில் நின்று பிரித்துப் படித்துக் காட்டுவார் என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் கடிதத்தில் அந்த நகல் வேண்டாம். சாதி பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஆனால் கேள்வி வரும். 'நீங்க எந்த வகையறா?' என்று சுற்றி வளைத்து வரும். அதற்குப் பட்டியலில் இருப்பதை உள்ளபடி சொல்வதா, எங்களுக்குத் தெரியாது என்பதா என்பதை எழுதுகிறவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். உள்ளபடி சொல்வதையே நான் சிபாரிசு செய்கிறேன். மறைத்துக் கிடைத்த உறவு முதல் பயணத்திலேயே உடைந்துபோகும், அதுவும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது உடையும்.

மரபணுச் சோதனையைப் பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வருகிறதே என்று. சரி, வருகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் நம் கிராமத்துக்காரர் அநேகமாக இருக்க மாட்டார், ஏனென்றால் இங்கே மிகச் சிலரே அந்தச் சோதனை செய்துகொள்கிறார்கள். டர்பன்காரருக்கு மொரீஷியஸ்காரரும் ஃபிஜிக்காரரும் உறவாக வருவார்கள். கணக்கும் குழம்பும். கப்பலேறியவரின் கொள்ளுப்பேரனும் ஊரில் தங்கிய அண்ணனின் கொள்ளுப்பேரனும் பகிர்ந்துகொள்ளும் மரபணு மிகக் கொஞ்சம். அந்தத் தூரத்து உறவில் பத்தில் ஒருவருக்கு ஒன்றுமே பொருந்தாமலும் போகலாம். மறுபக்கம், நாம் அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிறவர்கள். தமிழ்நாட்டில் இன்றும் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்யாணம் சொந்தத்திலேயே நடக்கிறது. அதனால் உண்மையில் ஆறேழு தலைமுறை தள்ளி இருப்பவர் சோதனையில் மூன்று தலைமுறை உறவு மாதிரித் தெரிவார். 'நாம் இரண்டு பேரும் ஒரே பாட்டன் பிள்ளைகள்' என்று அதை நம்பி எழுதுவதற்கு முன்னால் தாய்வழியையும் தந்தைவழியையும் தனித்தனியாகக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்போது டிரினிடாட் பிரதமராக இருந்த கம்லா பெர்சாத் பிசேசர் 2012இல் பீகாரில் பக்சார் மாவட்டத்து பேலுபூர் கிராமத்துக்குத் தன் மூதாதையரைத் தேடி வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து, நமக்கும் இப்படி மாலையும் மேளமும் கிடைக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பிரதமருக்கு மாவட்ட ஆட்சியர் உறவினரைத் தேடித் தருவார். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு யார் தருவார்கள்? அவர் வாடகைக் காரில் வந்து இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு அழுவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு அவர் ஏன் அழுகிறார் என்று தெரியாது, அவர்களுக்கு அது களத்துமேடு. அவர் பிறப்பதற்கு முன்பே அந்தக் கணக்கை இந்த வீடு முடித்துவிட்டது. போனவர் போனவர்தான் என்று இருந்துவிட்டது. அதை நன்றிகெட்டதனம் என்று வந்தவர் நினைத்துவிடக் கூடாது. கூட்டிவருகிறவர்கள் இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் வராவிட்டால்? ஆறு மாதம் கழித்து, ஒரு பொங்கல் வாழ்த்தோடு, இன்னொரு கடிதம். மூன்றாவது வேண்டாம். படித்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் பதில்தான். அதற்கு மேல் ஆள் விட்டு விசாரிப்பது, எதிர் வீட்டில் கேட்பது எல்லாம் அந்த வீட்டுக்குச் சங்கடம்.

கடைசியாக, உங்களுக்கு. இப்படிக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால், பயமாக இருந்தால் உங்களைப் பற்றிய விவரம் எதுவும் தராமலே பதில் எழுதலாம். அவர் சொல்லும் பெயர்களில் எது உங்கள் வீட்டில் இருந்தது, எது இல்லை என்பதை மட்டும் எழுதுங்கள். ஆவண நகல் எதுவும் அனுப்பாதீர்கள். எங்கள் வீடு இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதே பெயரில் பக்கத்துத் தெருவில் வேறு வீடு இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். டர்பனில் அந்த 'இல்லை' என்ற பதிலுக்குக்கூட மதிப்பு உண்டு, தேடுகிற தெரு ஒன்று குறைகிறது.

இன்னொன்று. கோயில் வரி நோட்டு பழசாகிவிட்டது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வகையறாவின் நோட்டு யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, நோட்டை உங்களிடமே கொடுத்துவிடுவேன். எந்தப் பெயரை யாருக்குக் காட்டலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் கேளுங்கள்.